குட்டி போடும் மீன்

காவிரிக் கழிமுகத்து ஊர்களில் சுறாவைக் கண்டு யாரும் அஞ்சுவதில்லை. பிள்ளை பெற்ற வீட்டில் பத்தியச் சாப்பாடு தொடங்கிய சில நாட்களில் பால்சுறா வாங்கிவர ஆள் அனுப்புவது, நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம் வரையிலான கரையோரத்தில் மட்டுமல்லாமல், கடலே கண்ணில் படாத திருத்துறைப்பூண்டி, மன்னார்குடிப் பக்கங்களிலும் இன்றைக்கும் நடக்கிற காரியம். மஞ்சள்தூள் போட்டு அவித்து, சொரசொரப்பான தோலை உரித்து, சதையைப் பிழிந்து உதிர்த்து, சின்ன வெங்காயமும் பூண்டும் மிளகும் தாராளமாகச் சேர்த்து நல்லெண்ணெயில் கிளறினால் சுறாப்புட்டு. தாய்ப்பால் ஊறும் என்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கையின் பேரில் என் அம்மா எனக்குச் செய்து கொடுத்தார். அம்மாவுக்கு அம்மாச்சி செய்து கொடுத்திருக்கிறார்.

சுறாக்களைக் காக்கச் சொல்லும் கட்டுரைகள் பலவும், மனிதரைக் கடிக்கும் விலங்கு என்ற கெட்ட பெயரைத் துடைப்பதிலேயே பாதி இடத்தைச் செலவழித்துவிடுகின்றன. சுறா தானாக வந்து கடித்து இறப்பவர்கள் உலகம் முழுவதிலும் ஆண்டுக்குச் சராசரியாகப் பத்துப் பேருக்கும் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அந்த வாதத்தால் எங்கள் கரைக்கு ஒரு பயனும் இல்லை, ஏனெனில் இங்கே சுறாவின் கதி அடுப்படியில்தான் தீர்மானமாகிறது. ஆகவே நானும் அடுப்படியிலிருந்தே பேசுகிறேன்.

சுறாவைக் கையாண்ட எவருக்கும் அதன் வாடை மறக்காது. ஐஸ் போதாமல் ஒரு பொழுது கிடந்தால்கூட மூத்திரம் போல நாறத் தொடங்கிவிடும். சுறாக்கருவாட்டைத் தெருக்கோடியிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். காரணம், அதன் சதையிலும் இரத்தத்திலும் நிறைந்திருக்கும் யூரியா. மற்ற உயிர்கள் கழிவென்று வெளியேற்றுகிற இந்தப் பொருளைச் சுறா உடலுக்குள்ளேயே தேக்கி வைத்துக்கொள்கிறது. உடம்பின் அடர்த்தியைக் கடல்நீரின் அடர்த்தியோடு ஒட்டி வைத்திருப்பதால், உப்புநீர் அதன் உடலிலிருந்து நீரை உறிஞ்சிவிட முடியாது. மீன் செத்த பிறகு நுண்ணுயிர்கள் அந்த யூரியாவை அம்மோனியாவாக மாற்றுகின்றன. நம் சமையல்காரிகள் மஞ்சள் போட்டு அவித்து, அவித்த நீரைக் கொட்டிவிட்டுச் சதையைப் பிழிவதெல்லாம் இதற்காகத்தான். முள் எடுக்கும் தொல்லை இல்லாத மீன் என்பதால் குழந்தைகளுக்கும் கொடுக்கிறோம். முள் இல்லாததற்குக் காரணம், சுறாவுக்கு எலும்பே இல்லை. நம் காது மடலில் இருப்பது போன்ற குருத்தெலும்பால் ஆன கூடுதான் அதற்கு. நிலத்தில் மரம் என்ற ஒன்று தோன்றுவதற்கு முன்பே, நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முன்னால், இந்தக் குடும்பம் கடலில் நீந்திக்கொண்டிருந்தது.

இத்தனை நீண்ட காலம் தாக்குப்பிடித்த உயிர், விசைப்படகு வந்து சில பத்தாண்டுகளுக்குள் தளர்ந்துபோனது ஏன் என்று கேட்டால், விடை அது குட்டி போடும் விதத்தில் இருக்கிறது. மத்தியும் அயிலையும் ஒரு பருவத்தில் பல்லாயிரக்கணக்கான முட்டைகளைக் கடலில் விட்டுவிட்டுப் போய்விடும். அவற்றில் மிகச் சில பிழைத்தாலும் அடுத்த பருவத்துக்கு மீன் இருக்கும். பால்சுறா அப்படியல்ல. அது ஏறக்குறைய ஓராண்டு வயிற்றில் சுமந்து, ஒன்று முதல் எட்டுக் குட்டிகள் வரைதான் ஈனுகிறது. தாய்க்கும் குட்டிக்கும் இடையே தொப்புள்கொடியும் நஞ்சுக்கொடியும் உண்டு. பிள்ளை பெற்றவளுக்குச் சமைக்கப்படும் மீன், தானும் கொடி அறுத்துப் பிள்ளை பெறும் மீன் என்பதை நான் வெகுகாலம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். சுத்தியல் போன்ற தலையுடைய கொம்பன் சுறா, புலிச்சுறா போன்ற பெரிய வகைகள் இன்னும் பொறுமையானவை. இனப்பெருக்க வயதை எட்டவே அவற்றுக்குப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

நெல் விளையும் பூமியில் பிறந்த நமக்கு மீனையும் விளைச்சலாக எண்ணிப் பழகிவிட்டது: இந்தப் போகம் பொய்த்தால் அடுத்த போகம். மத்திக்கும் நெத்திலிக்கும் இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். சுறாவுக்கு ஆட்டுக்கிடைக் கணக்குதான் பொருந்தும். கிடையில் எத்தனை பெட்டை ஆடு நிற்கிறது, எத்தனை குட்டி தப்பிப் பிழைத்தது என்று பார்க்காமல் கறிக்கு ஓட்டிக்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் கிடையே இருக்காது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகளை நிறுத்தி வைக்கும் மீன்பிடித் தடைக்காலத்தையும் இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். இறாலும் சிறு மீன்களும் மூச்சு விட்டுக்கொள்ள அந்த இரண்டு மாதம் உதவும். ஓராண்டு சுமக்கும் தாயோ, மீதமுள்ள பத்து மாதங்களையும் வலைகளுக்கிடையே கடந்தாக வேண்டும்.

எங்கள் கரையில் சுறாவுக்கென்றே கடலுக்குப் போகிறவர்கள் குறைவு. ஆயிரங்கால் தூண்டிலோடு ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கிச் சுறா பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள் குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதிக்காரர்கள்தாம். நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையிலும், காரைக்காலிலும், கொள்ளிடம் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்திலுள்ள பழையாறிலும் இறங்கும் சுறாக்களில் பெரும்பங்கு, இறாலையும் வேறு மீனையும் எண்ணி இழுத்த வலையின் மடியில் கூடவே அகப்பட்டவை. இழுவலை கடலடியை வாரிக்கொண்டு போகும்போது, ஆழம் குறைந்த கரையோரத்தில் வளர்ந்துகொண்டிருக்கும் குட்டிச் சுறாக்கள் அதில் எளிதாக விழுகின்றன. சினையாக இருக்கும் சுறாவும் திருக்கையும் வலையில் மாட்டிய அதிர்ச்சியில் படகின் தளத்திலேயே குட்டிகளைத் தள்ளிவிடுவது உண்டு. மாதம் நிரம்பாத அந்தக் குட்டிகளைக் கடலில் எறிந்தாலும் பெரும்பாலானவை பிழைப்பதில்லை.

எங்கள் தெருவுக்கு மொபெட்டில் மீன் கொண்டுவரும் அம்மாவிடம் பெரிய சுறா ஏன் வருவதே இல்லை என்று ஒருமுறை கேட்டேன். “பெருசு எங்கம்மா வருது இப்ப? குட்டிதான் வருது. குட்டிதான் ருசி, அதத்தான் எல்லாரும் கேக்குறாங்க” என்றார். அவர் சொன்ன முதல் பாதி கடலின் நிலைமை, இரண்டாம் பாதி சந்தையின் நிலைமை. பெரியது கிடைக்காமல் போனதால் சிறியதை வாங்கப் பழகினோம். பழகியபின் சிறியதே ருசி என்று ஆகிவிட்டது. கைமுழம் நீளமுள்ள சுறா கூடையில் கிடந்தால் அது சிறிய வகையைச் சேர்ந்த முழு வளர்ச்சி பெற்ற மீனா, பெரிய வகையின் குட்டியா என்று வாங்குபவர் பார்ப்பதில்லை. தலை போன பிறகு பார்க்கவும் முடியாது. கொம்பன் சுறாவின் குட்டி பிறக்கும்போதே ஏறக்குறைய ஒரு முழம் இருக்கும். தலையை வெட்டிவிட்டால் அதுவும் ‘பால்சுறா’தான்.

சுறா அழிவு என்றதும் சீனத்துத் துடுப்பு சூப்பைக் காரணம் காட்டிவிட்டு நகர்ந்துவிடும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. துடுப்பு வணிகம் செய்த கேடு பெரிது என்பதில் ஐயமில்லை. 1970-க்குப் பிறகான அரை நூற்றாண்டில் பெருங்கடல்களில் திரியும் சுறா, திருக்கை இனங்களின் எண்ணிக்கை 71 விழுக்காடு குறைந்துவிட்டதாக 2021-இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. சுறாவும் திருக்கையும் அவற்றின் உறவினங்களும் சேர்ந்த சுமார் 1200 இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழியும் ஆபத்தில் இருப்பதாகவும் அதே ஆண்டில் கணக்கிட்டார்கள். ஆனால் இந்தியா 2015-ஆம் ஆண்டிலேயே சுறாத் துடுப்பு ஏற்றுமதியைத் தடை செய்துவிட்டது. அதன் பிறகும் இந்தக் கரையில் சுறா இறங்குவது நிற்கவில்லை, ஏனெனில் இங்கே கறிக்கே சந்தை இருக்கிறது. உலகில் சுறாவும் திருக்கையும் அதிகம் பிடிக்கும் நாடுகளின் வரிசையில் இந்தியா முதல் சில இடங்களுக்குள் நிற்பதில், நம் வீட்டுச் சட்டிக்கும் பங்கு உண்டு.

சுறா குறைந்தால் கடலுக்கு என்ன கேடு என்ற கேள்விக்குப் பலரும் ஒரு கதையைச் சொல்வார்கள். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பெரிய சுறாக்கள் அருகிப்போனதால், அவை தின்று வந்த ஒருவகைத் திருக்கை பெருகிவிட்டது. அந்தத் திருக்கைக் கூட்டம் வட கரோலினாவின் சிப்பிப் படுகைகளை மேய்ந்து ஒழித்தது. நூறாண்டுச் சிப்பித் தொழிலே படுத்துவிட்டது. 2007-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான இந்த ஆய்வு உலகம் முழுவதும் பரவியது. சிப்பியைக் காக்கத் திருக்கையைத் தின்னுங்கள் என்று அங்கே ஓர் இயக்கமே கிளம்பிற்று. 2016-இல் வேறு ஆய்வாளர்கள் கணக்குகளை மறுபடி எடுத்துப் பார்த்தபோது கதை நிற்கவில்லை. அந்தத் திருக்கையும் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரே குட்டி போடும் உயிர். சொல்லப்பட்ட வேகத்தில் அது பெருகியிருக்கவே முடியாது. சிப்பி குறைந்த காலமும் திருக்கை பெருகியதாகச் சொன்ன காலமும் ஒத்துவரவில்லை. ஆக, சுறாவைக் காப்பதற்காகச் சொல்லப்பட்ட ஒரு கதை, சுறாவைப் போலவே மெதுவாகப் பெருகும் இன்னோர் உயிரைக் கொல்லச் சொல்லும் அழைப்பாக முடிந்தது. சுறா போனால் கடலே செத்துவிடும் என்று ஒரே மூச்சில் சொல்கிறவர்களை நான் ஐயத்தோடு பார்ப்பதற்கு இது ஒரு காரணம்.

எனக்கு நம்பிக்கை தரும் சான்று மேற்கு ஆஸ்திரேலியாவின் சுறா விரிகுடாவிலிருந்து வருகிறது. பரந்த கடற்புல் வெளிகளும், அவற்றை மேயும் ஆவுளியா எனும் கடற்பசுக்களும் பச்சை ஆமைகளும், இவற்றைத் தின்னும் புலிச்சுறாக்களும் உள்ள இடம் அது. மைக் ஹெய்தாஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் அங்கே பல்லாண்டுகள் இருந்து கவனித்தது, சுறா எத்தனை ஆவுளியாவைத் தின்றது என்பதைவிட, சுறாவின் நடமாட்டத்தால் ஆவுளியா எங்கே மேய்ந்தது என்பதைத்தான். வெப்பமான மாதங்களில் புலிச்சுறாக்கள் மிகுதியாக வரும்போது, ஆவுளியாக்கள் சத்துமிக்க ஆழமற்ற திட்டுகளின் நடுப்பகுதியை விட்டுவிட்டு, தப்பி ஓட வசதியான ஓரங்களுக்கு நகர்ந்துவிடுகின்றன. நடுத்திட்டின் புல்லுக்கு அதனால் ஓய்வு கிடைக்கிறது. சுறா அங்கே ஓர் ஆவுளியாவையும் கொல்லாத நாளிலும் புல்வெளிக்குக் காவல் நடக்கிறது. அந்தப் புல்வெளிதான் மண்ணைப் பிடித்து வைக்கிறது, கரியை அடியில் புதைத்து வைக்கிறது, இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் ஒதுங்க இடம் தருகிறது.

இதை ஆஸ்திரேலியச் செய்தி என்று ஒதுக்கிவிட முடியாதபடி நம் கரையின் அமைப்பு இருக்கிறது. பழையாறிலிருந்து தெற்கே நேராக இறங்கிவரும் கடற்கரை கோடியக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. அந்த முனைக்கு வடக்கே அலை மோதும் வங்கக் கடல். முனையைத் தாண்டினால் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் என்று சேறும் அமைதியுமான ஆழமற்ற கடல். தஞ்சை மாவட்டத்துக்குக் கடற்புல் வெளி இருக்கிறது என்பதே தஞ்சாவூரில் பலருக்குத் தெரியாது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது இந்தப் புல்லை நம்பித்தான். ஆஸ்திரேலியாவில் கண்ட அதே ஏற்பாடு இங்கேயும் அப்படியே நடக்கிறது என்று நான் வாதிடவில்லை. புல், ஆவுளியா, ஆமை, சுறா நான்கும் சேர்ந்து வாழ்ந்த கடலில் முதல் மூன்றை மட்டும் காப்பாற்றிவிட்டு நான்காவதைச் சட்டிக்கு விட்டுவிடுவது அரைக் காவலாகத்தான் இருக்கும் என்கிறேன்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் பற்றியும் ஒரு சொல். பாமினியாறும் கோரையாறும் காவிரியின் மிச்ச நீரை அங்கே கொண்டுவந்து சேர்க்கின்றன. ஆழமற்ற கழிமுகங்களும் அலையாத்தி வேர்களும் பல வகைச் சுறாக்கள், திருக்கைகளின் குட்டிகளுக்குப் பெரிய மீன்களிடமிருந்து ஒளிந்து வளரும் இடங்கள். மழைக்காலம் போக மற்ற நாட்களில் ஆற்றுநீர் வருவது அரிதாகி உப்பு ஏறுவதும், 2018 நவம்பரில் கஜா புயல் முறித்துப்போட்ட மரங்களும் மீன்வளத் துறையின் கோப்பில் சுறா என்ற தலைப்பின் கீழ் வருவதில்லை. வரவேண்டும்.

இழந்தது எவ்வளவு என்று அளக்க நம் பகுதியில் ஒரு பழைய சாட்சியம் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுமதி நாளில் கடலுக்குப் போகாமல், சினைச் சுறாவின் கோட்டை, அதாவது கொம்பை, மணலில் நட்டு, அதில் தம் தெய்வத்தை ஏற்றி வழிபட்டதைப் பட்டினப்பாலை பாடுகிறது. நட்டு வைக்கும் அளவுக்குக் கோடு உள்ளது வேளா மீன். இரம்பம் போன்ற நீண்ட மூக்குடைய அது உருவத்தில் சுறா, உறவில் திருக்கை. கழிமுகத்துச் சேற்றில் அந்த இரம்பத்தால் துழாவி இரை தேடும் வேளாவுக்கு, எந்த வலையானாலும் இரம்பப் பற்கள் சிக்கிக்கொள்ளும், சிக்கினால் விடுபடாது. ஒருகாலத்தில் தெய்வம் ஏறிநின்ற உயிர், இன்று எங்காவது ஒரு வலையில் விழுந்தால் செய்தித்தாளில் படம் வருகிற அளவுக்கு அருகிவிட்டது. அதைவிடக் கொடுமை, பாண்டிச்சேரிச் சுறா. நம் பக்கத்து ஊரின் பெயரையே தாங்கி 1839-இல் அறிவியலில் விவரிக்கப்பட்ட இந்தச் சுறாவின் உறுதியான பதிவு கடைசியாகக் கிடைத்தது 1979-இல். உலக அருங்காட்சியகங்களில் ஏறக்குறைய இருபது உடல்கள் இருக்கின்றன.

சட்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2001 ஜூலையில் சுறா, திருக்கை இனங்கள் அத்தனையையும் ஒரே ஆணையில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில், புலிக்குச் சமமாகச் சேர்த்தார்கள். மீனவர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. அந்த டிசம்பரிலேயே பட்டியல் பத்து இனங்களாகச் சுருங்கியது. அம்மணி உழுவை என்று நம் கடலோடிகள் சொல்லும் திமிங்கலச் சுறா, வேளா வகைகள், பாண்டிச்சேரிச் சுறா ஆகியவை அதில் நின்றன. 2022-இன் திருத்தச் சட்டம் பட்டியலை மறுபடி நீட்டியிருக்கிறது. இருட்டில் வலையை இழுத்து மேலே போட்ட மனிதர், நூறு கிலோ மீன் குவியலில் கிடக்கும் ஒரு குட்டியைப் பார்த்து, இது எந்தப் பட்டியலில் எத்தனையாவது என்று முடிவு செய்ய வேண்டும் என எதிர்பார்ப்பது நியாயமா? தண்டனைச் சட்டம் துறைமுக ஏலத்தளத்தில் நிற்கிறது; அதற்கு முன்பே மீன் செத்துவிடுகிறது.

வாங்குகிறவர்கள் பக்கம் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்குச் சட்டம் தேவையில்லை. சுறா போன்ற வேட்டை மீன்களின் சதையில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும். பெரிய, வயதான மீனில் அதிகம், சிறியதில் குறைவு. கருவுற்றவர்களும் பால் கொடுக்கும் தாய்மார்களும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தெளிவாகவே சொல்கிறது. நாம் தேடித் தேடிச் சுறா கொடுப்பது சரியாக அந்தப் பெண்களுக்குத்தான். பத்தியச் சமையலில் காரப்பொடி மீன் குழம்புக்கும் இதே பெருமை நெடுங்காலமாக உண்டு. அது விலையும் மலிவு, வேகமாகப் பெருகும் சிறு மீனும்கூட. சுறாவை விட்டுவிட்டுத் திருக்கைக்கு மாறுவதில் மட்டும் பொருள் இல்லை; அதுவும் சில குட்டிகளை மட்டுமே ஈனும் இனம்.

பிடிக்கிறவர்கள் பக்கம் என்ன செய்யலாம் என்பதற்குக் குஜராத்தில் நடந்ததைப் பார்க்கலாம். சௌராட்டிரக் கரையில் கல்லீரல் எண்ணெய்க்காகவும் கறிக்காகவும் திமிங்கலச் சுறாக்களைக் கொன்றுகொண்டிருந்தார்கள். 2004-இல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளை அங்கே தொடங்கிய இயக்கத்தில், இராமாயணக் கதை சொல்லும் மொராரி பாபு, அந்தச் சுறா பேறுகாலத்துக்குத் தாய்வீடு வரும் மகள் என்று பேசினார். அந்தப் பேச்சோடு நின்றிருந்தால் கைதட்டலோடு முடிந்திருக்கும். சுறாவை விடுவிக்க வலையை அறுக்கும் மீனவருக்கு வனத்துறை இழப்பீடு கொடுத்தது. கடலிலேயே படமெடுத்துச் சான்று காட்டும் வழியும் பின்னர் வந்தது. நூற்றுக்கணக்கான திமிங்கலச் சுறாக்களை மீனவர்களே விடுவித்திருக்கிறார்கள்.

நம் பக்கத்திலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. வலையில் சிக்கிய ஆவுளியாவை உயிரோடு விடுவித்த பாக் விரிகுடா மீனவர்களுக்குத் தமிழக வனத்துறை வெகுமதி கொடுத்திருக்கிறது. அதே ஏற்பாட்டை வேளாவுக்கும், திருக்கையின் உறவான உழுவை வகைகளுக்கும், சினையாக அகப்படும் பெரிய சுறாக்களுக்கும் நீட்டுவதற்குப் புதிய சட்டம் வேண்டாம். அறுந்த வலைக்கு உரிய விலையை அந்த வாரமே கொடுக்கும் ஒரு கணக்குத் தலைப்பு போதும். எவை விடப்பட வேண்டியவை என்பதை அக்கரைப்பேட்டை, பழையாறு, கோடியக்கரை ஊர்ப் பஞ்சாயத்துகளில் உட்கார்ந்து படகுக்காரர்களோடு பேசி முடிவு செய்யலாம். எந்த மாதத்தில் எந்த ஆழத்தில் சினைச்சுறா ஏறுகிறது என்பது அவர்களுக்கு ஏற்கனவே தெரியும். காரைக்கால் புதுச்சேரி அரசின் கீழும் நாகப்பட்டினம் தமிழக அரசின் கீழும் இருப்பதால் இரண்டு அரசுகளும் ஒரே தொகையை அறிவிக்க வேண்டியிருக்கும். இல்லையென்றால் இழப்பீடு கிடைக்கும் துறைமுகத்தின் படகுகள் மட்டும் வலையை அறுக்கும். மற்றவை பக்கத்துத் துறைமுகத்தில் அதே மீனை ஏலத்துக்கு இறக்கும்.